யோசெப் சூதெக்கின் ஜன்னல்

ஒளி பழகுதல் – 9

1940-ம் ஆண்டு, ப்ராக் நகரில் யோசெப் சூதெக் என்ற புகைப்படக்காரரின் கையில் ஒரு பழைய பிரிண்ட் கிடைத்தது. பிரான்ஸின் ஷார்த்ர் பேராலயத்துச் சிலை ஒன்றின் படம் அது. 1900 வாக்கில் எடுத்தது, ஏறக்குறைய 30×40 செ.மீ. அளவு. நெகட்டிவைத் தாளின் மேல் அப்படியே வைத்து அழுத்தி, நெகட்டிவின் அளவிலேயே எடுத்த காண்டாக்ட் பிரிண்ட். அதில் கல் கல்லாகவே இருப்பதைச் சூதெக் கண்டார். இனித் தன் படங்களை என்லார்ஜரில் வைத்துப் பெரிதாக்குவதில்லை என்று அப்போதே முடிவெடுத்தார். அவருக்கு அப்போது 44 வயது. புகைப்படத்தையே பிழைப்பாகக் கொண்டு பல ஆண்டுகள் ஆகியிருந்தன, ஊரில் பெயரும் இருந்தது. ஆனாலும் இன்று உலகம் சூதெக்கின் படங்கள் என்று கொண்டாடுபவற்றில் பெரும்பகுதி அந்த முடிவுக்குப் பிறகு வந்தவைதான்.

சென்ற வாரம் புகைப்படக்காரர் எட்வர்ட் வெஸ்டனின் குடைமிளகாய்ப் படத்தைப் பார்த்தோம். 1930 ஆகஸ்டில் சில நாள் ஒரே மூச்சாக உட்கார்ந்து, முப்பது நெகட்டிவ்களுக்கு மேல் எடுத்து, கடைசியில் ஒரு தகரப் புனலுக்குள் மிளகாயை வைத்து அவர் தேடியதைப் பிடித்த கதை. சூதெக் இதற்கு நேர் எதிர்த் திசையில் நிற்பவர். வெஸ்டன் நாட்குறிப்பில் பக்கம் பக்கமாகத் தன்னை அலசினார். சூதெக் தன் வேலையைப் பற்றி எழுதியது மிகக் குறைவு. வெஸ்டன் பொருளை வேட்டையாடினார். சூதெக் ஒரு ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பொருள் தன்னிடம் வரட்டும் என்று பதினான்கு ஆண்டுகள் காத்திருந்தார். ‘எனக்கான வேலைமுறை எது, அதை எப்படிக் கண்டுபிடிப்பது?’ என்று கேட்பவர்களுக்கு இந்த மனிதரைப் போல் உதவக்கூடியவர் வேறு யாரும் இல்லை என்பது என் எண்ணம்.

சூதெக் பிறந்தது 1896-ல், பொஹீமியாவின் கோலீன் என்ற ஊரில். சின்ன வயதிலேயே தந்தை இறந்துவிட்டார். பையன் கற்றுக்கொண்ட தொழில் புத்தகம் பைண்டு செய்வது. முதல் உலகப்போரில் ஆஸ்திரிய-ஹங்கேரியப் படையில் சேர்க்கப்பட்டு இத்தாலியப் போர்முனைக்கு அனுப்பப்பட்டார். அங்கே வலது கையில் காயம் பட்டது. சீழ் பிடித்துப் பரவியதால் கையைத் தோளோடு எடுக்க வேண்டியதாயிற்று. ஒற்றைக் கையால் புத்தகம் தைக்க முடியாது. ஊனமுற்ற வீரர்களுக்கான மருத்துவமனைகளில் கிடந்த காலத்தில் உடனிருந்தவர்களைப் படம் எடுக்கத் தொடங்கியவர், பிறகு ப்ராகில் உள்ள அரசு கிராஃபிக் கலைப் பள்ளியில் 1922 முதல் 1924 வரை புகைப்படம் படித்தார்.

இந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் ஒரு கதை சொல்வார்கள். கை போனதால் அவர் மெதுவானார், மெதுவானதால் அவர் படங்களில் அமைதி வந்தது என்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் இந்தக் கதை நிற்காது. கை போனது முதல் உலகப்போரில். ஜன்னல் படங்கள் தொடங்குவது 1940-ல். இடையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருக்கின்றன. அந்த இடைக்காலத்துச் சூதெக் சுறுசுறுப்பான தொழில்காரர். யாரோமீர் ஃபுங்கெ போன்ற நண்பர்களோடு சேர்ந்து 1924-ல் செக் புகைப்படச் சங்கத்தைத் தொடங்கினார். த்ரூஷ்டெவ்னி ப்ராட்செ என்ற பதிப்பகத்துக்காக விளம்பரப் படங்கள் எடுத்தார். லாடிஸ்லாவ் சுட்னர் வடிவமைத்த கண்ணாடிக் கோப்பைகளையும் பீங்கான் பாத்திரங்களையும் பளிச்சென்று, கூரான நிழல்களோடு படம்பிடித்தார். ஆள்படம் எடுக்க ஸ்டுடியோ நடத்தினார். எதிலும் குறை சொல்ல முடியாது. ஆனால் அவற்றில் சிலவற்றை அந்தக் காலத்து வேறு நல்ல புகைப்படக்காரர் ஒருவரும் எடுத்திருக்க முடியும் என்று தோன்றும்.

இழப்போ வறுமையோ நோயோ ஒருவருக்குத் தானாக வேலைமுறையைக் கொடுத்துவிடுவதில்லை என்பதற்காகத்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். நம்மில் பலர் ‘எனக்குப் பெரிய அனுபவம் ஏதும் நேரவில்லை, என் படங்களில் என்ன ஆழம் வந்துவிடப் போகிறது’ என்று தயங்குகிறோம். சூதெக்கைத் திருப்பியது ஓர் அனுபவம் என்றால் அது ஒரு பிரிண்டைக் கூர்ந்து பார்த்த அனுபவம்தான். அதற்குப் போர்முனை தேவையில்லை. தான் எதைப் பார்த்துத் திடுக்கிடுகிறோம் என்பதைக் கவனித்து, அந்தத் திடுக்கிடலை நம்பி அதன் பின்னால் போகும் துணிவு தேவை.

அந்தப் பிரிண்டில் அப்படி என்ன இருந்தது? காண்டாக்ட் பிரிண்ட் பற்றி இன்றைய வாசகருக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். என்லார்ஜரில் ஒளி நெகட்டிவைக் கடந்து, லென்ஸைக் கடந்து, காற்றைக் கடந்து தாளில் விழுகிறது. படம் பெரிதாகும்போது ஃபிலிமின் மணிகளும் பெரிதாகும், ஒரு சாயலிலிருந்து அடுத்த சாயலுக்குப் போகும் நெருக்கமான படிகள் விலகும். காண்டாக்ட் முறையில் நெகட்டிவும் தாளும் கண்ணாடியின் கீழ் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. நடுவே எதுவும் இல்லை. நெகட்டிவில் இருப்பது அத்தனையும் தாளுக்கு வந்துவிடும். நம் வீடுகளில் தாத்தா பாட்டி காலத்துக் குரூப் போட்டோ மாட்டியிருந்தால் ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். பெரிய கண்ணாடித் தட்டில் எடுத்து அப்படியே அச்சிட்டவை அவற்றில் பல. பின்வரிசையில் நிற்கும் பெண்ணின் புடவைச் சரிகைகூட இழை இழையாகத் தெரியும்.

அழகு ஒருபுறம். இந்த முடிவு சூதெக்கின் வேலைநாளையே மாற்றியது என்பதுதான் நமக்கு முக்கியம். பிரிண்டைப் பெரிதாக்க முடியாது என்றால், அது எந்த அளவில் இருக்க வேண்டும் என்பதைப் படம் எடுக்கும் முன்பே தீர்மானித்தாக வேண்டும். அவரிடம் பல அளவுக் கேமராக்கள் இருந்தன. 30×40, 24×30, 18×24, 13×18 செ.மீ. என்று. இன்று எதை எடுத்துக்கொண்டு போவது என்ற கேள்வியும், இன்று பார்க்கப்போவது எவ்வளவு பெரிய படம் என்ற கேள்வியும் அவருக்கு ஒன்றாகிவிட்டன. உள்ளங்கையளவுப் படம் பார்ப்பவரை அருகே இழுக்கும். பெரிய படம் சற்றுத் தள்ளி நிற்கவைக்கும். அந்தத் தூரத்தை அவர் ஷட்டரைத் திறக்கும் முன்பே முடிவுசெய்தார். மரக் கேமரா, முக்காலி, தட்டுகள் இருக்கும் பை, எல்லாவற்றையும் ஒற்றைக் கையோடு சுமந்து, சில வேலைகளுக்குப் பற்களையும் துணைக்கு வைத்துக்கொண்டு இயங்கியவர் அவர். சுமை கூடுகிறது என்று தெரிந்தே அந்த வழியைத் தேர்ந்தார். கை இல்லாததால் வந்த முறை என்று சொல்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். கை இல்லாதவருக்கு வசதியான முறை அல்ல இது.

இனி ஜன்னலுக்கு வருவோம். ப்ராகின் மாலா ஸ்த்ரானா பகுதியில், உயெஸ்த் தெருவில், அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு நடுவே ஒரு சிறிய முற்றத்துத் தோட்டம். அதில் மரத்தாலான ஒரு கொட்டகை. 1920-களின் இறுதியிலிருந்து அதுதான் சூதெக்கின் ஸ்டுடியோ. தங்கை பொஷெனா உதவிக்கு இருந்தார். 1939 மார்ச்சில் ஜெர்மானியப் படைகள் ப்ராகுக்குள் வந்தன. கேமராவைத் தூக்கிக்கொண்டு ஊரில் அலைவது அபாயமான காலம். 1940-ல் அவர் தன் ஸ்டுடியோ ஜன்னலைப் படம் எடுக்கத் தொடங்கினார். 1954 வரை அந்த வரிசை நீண்டது. ‘என் ஸ்டுடியோவின் ஜன்னல்’ என்பது அதன் பெயர்.

அந்தப் படங்களில் என்ன இருக்கிறது? கண்ணாடி. கண்ணாடியில் படிந்த ஆவி, வழியும் நீர்த்துளி, உறைபனி. அதற்கு அப்பால் வளைந்து கோணிய ஒரு மரம், சில நேரம் பூத்து, சில நேரம் மொட்டையாக. எதிர்க் கட்டடத்தின் சுவர். ஜன்னல் விளிம்பில் சில நேரம் ஒரு தம்ளர் தண்ணீர், ஒரு கிளை, ஒரு ரோஜா, ஒரு முட்டை, கொஞ்சம் ரொட்டி. அவ்வளவுதான். வரிசையாகப் பார்க்கும்போது ஒன்று விளங்கும். ஜன்னல் ஒருபோதும் வெறும் சட்டகமாக இல்லை. குளிர்நாளில் உள்ளே இருக்கும் வெதுவெதுப்பும் வெளியே இருக்கும் பனியும் சந்திக்கும் தாள் அந்தக் கண்ணாடிதான். அதில் படியும் ஈரம், உள்ளே ஒரு மனிதர் மூச்சு விட்டுக்கொண்டு இருப்பதன் தடயம். சூதெக் படத்தில் எங்கும் இல்லை. ஆனால் எல்லாப் படத்திலும் இருக்கிறார்.

இந்தப் படங்களை யாரும் கேட்கவில்லை. பதிப்பகம் கேட்கவில்லை, விளம்பரக்காரர் கேட்கவில்லை. கேட்காத வேலையைப் பதினான்கு ஆண்டுகள் செய்ததில்தான் அவருடைய வேலைமுறை வெளிப்பட்டது. ஆனாலும் முந்தைய கூலிவேலை வீணாகவில்லை என்று நான் நினைக்கிறேன். சுட்னரின் கோப்பைகளைப் பல ஆண்டுகள் பார்த்த கண், ஒளி கண்ணாடிக்குள் நுழையும்போது எங்கே திரும்பும், எங்கே தேங்கும் என்று அறிந்த கண். விளிம்பில் வைத்த அந்தச் சாதாரண தம்ளரைப் பார்க்கும்போது பழைய விளம்பரப் படங்கள் எனக்கு நினைவுக்கு வரும். அதே பாடம்தான். விற்க வேண்டிய பொருள் போய்விட்டது, ஒளி மட்டும் மிஞ்சியிருக்கிறது. கல்யாண வீடுகளிலும் கடை விளம்பரங்களிலும் உழைத்துக்கொண்டு, ‘என் சொந்த வேலைக்கு நேரமில்லை’ என்று வருந்தும் நண்பர்களுக்கு இதைச் சொல்ல விரும்புகிறேன். அந்த உழைப்பில் எந்த நிமிடம் உங்களுக்குக் காசை மறந்து இன்பம் தருகிறது என்று பாருங்கள். பந்தலுக்குள் நுழையும் வெயிலா, சமையற்கட்டின் புகையா, சடங்கு முடிந்து காலியான மேடையா? அந்த நிமிடம் ஏற்கெனவே உங்களுடையது.

காத்திருப்பு என்று சொன்னேன். சும்மா இருப்பது என்று அதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. போருக்குப் பின் சில காலம் சூதெக்குக்கு உதவியாளராக இருந்தவர் சோன்யா புல்லாட்டி. நாஜி முகாம்களிலிருந்து உயிர் தப்பி வந்த இளம்பெண். பிற்பாடு நியூயார்க்கில் குடியேறி, 1978-ல் சூதெக் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். அவர் நினைவுகூரும் ஒரு நிகழ்ச்சி உண்டு. ப்ராகின் செயின்ட் வைட்டஸ் பேராலயத்தின் அடியில் இருண்ட ஒரு கூடம். இருவரும் அங்கே கேமராவை வைத்துக்கொண்டிருந்தபோது திடீரென ஓர் ஒளிக்கதிர் உள்ளே விழுந்தது. உடனே இருவரும் தரையிலிருந்த தூசியைக் கிளப்பிவிட்டார்கள். தூசி இல்லாவிட்டால் கதிர் கண்ணுக்குத் தெரியாதே. ஒளி எப்போது வரும் என்பது மனிதர் கையில் இல்லை. வரும்போது தூசி கிளப்பத் தயாராக இருப்பது மனிதர் கையில் இருக்கிறது. அதே பேராலயத்தைத்தான் சூதெக் 1924-லிருந்து 1928 வரை, கட்டி முடிக்கும் பணி நடந்துகொண்டிருந்தபோது, மறுபடியும் மறுபடியும் போய் எடுத்தார். அந்தப் படங்களில் 15 தேர்ந்தெடுக்கப்பட்டு 1928-ல் ஒரு தொகுப்பாக வெளிவந்தன. சாரம், தள்ளுவண்டி, கற்குவியல், அவற்றின் மேல் சாய்வாக விழும் வெயில். ஒரே இடத்துக்குத் திரும்பிப் போவது, ஒளியை ஒரு பொருளாகவே நினைப்பது என்ற இரண்டும் அப்போதே அவரிடம் இருந்தன. 1940-ல் அவர் புதிதாகக் கண்டுபிடித்ததைவிட, தன்னிடம் ஏற்கெனவே இருந்தது இது என்று அடையாளம் கண்டுகொண்டதே அதிகம்.

இந்த வாரம் நான் சொல்ல வந்ததே இதுதான். வேலைமுறை என்பது கடையில் பார்த்துத் தேர்வுசெய்வது அல்ல. பயிலரங்கில் யாரோ கொடுத்த பட்டியலும் அல்ல. நாம் செய்து முடித்த வேலைக்குள் அது அரைகுறையாகக் கிடக்கிறது. அதைப் படித்தெடுக்க வேண்டும்.

படித்தெடுக்க நான் பின்பற்றும் வழி ஒன்றைச் சொல்கிறேன். கணினித் திரையில் பார்ப்பதை நிறுத்திவிடுங்கள். திரையில் ஒரு படம் போனால் அடுத்தது வரும், இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்காது. சில ஆண்டுகளில் எடுத்தவற்றிலிருந்து, நல்லது கெட்டது பார்க்காமல், மனம் போனபடி பொறுக்கி, அஞ்சலட்டை அளவில் மலிவுத் தாளில் பிரிண்ட் போட்டுத் தரையில் பரப்புங்கள். பாராட்டு வாங்கிய படங்களைத் தனியே ஒதுக்கிவைத்துவிடுங்கள். அவை சத்தமாகப் பேசி மற்றவற்றை அடக்கிவிடும். மிச்சமிருப்பதில் எது திரும்பத் திரும்ப வருகிறது என்று பாருங்கள். பொருளை மட்டும் பார்க்க வேண்டாம். நீங்கள் எவ்வளவு தூரத்தில் நின்றிருக்கிறீர்கள், எந்த நேரத்து வெயில், அடிவானம் எங்கே, மனிதர்கள் முகம் காட்டுகிறார்களா முதுகு காட்டுகிறார்களா என்று பாருங்கள். நான் பரப்பியதில் அடிக்கடி தலைகாட்டியது பூட்டிய கதவுகள். கதவு எனக்கு ஒரு பொருட்டில்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. வாசற்படியில் விழுந்த நிழலை எடுக்கப்போய்க் கதவும் சேர்ந்து வந்திருக்கிறது. இன்னொன்றும் தெரிந்தது. என் மனத்துக்குப் பிடித்த படங்கள் பெரும்பாலும் ஓர் இடத்துக்கு இரண்டாவது முறை போனபோது எடுத்தவை. முதல் முறை நான் எடுப்பது அந்த இடத்தின் பெயர்ப்பலகையை. அப்போதிலிருந்து புது ஊர்களைத் தேடுவதைக் குறைத்துக்கொண்டு, போன ஊர்களுக்கே போகிறேன்.

உங்கள் குவியல் வேறொன்றைச் சொல்லக்கூடும். வேகமாக நடந்து, நிற்காமல் எடுத்தவைதான் உங்களிடம் உயிரோடு இருக்கின்றன என்றால் நீங்கள் சூதெக்கைப் பின்பற்றக் கூடாது. ஜன்னலருகே உட்கார்ந்தால் உங்கள் கண் தூங்கிவிடும். மெதுவாக வேலை செய்வதே உயர்ந்தது என்று ஒரு பேச்சு இப்போது பரவலாக இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. சூதெக்கின் மெதுவேகம் சூதெக்குக்குச் சரி.

அவருடைய பிரிண்டுகளின் நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கறுப்பு கரியாக இருக்க வேண்டும், வெள்ளை தாளின் வெள்ளையாக இருக்க வேண்டும், நடுவே எல்லாச் சாயலும் வேண்டும் என்பது கறுப்பு வெள்ளைப் பிரிண்டுக்குப் பலரும் சொல்லும் இலக்கணம். சூதெக்கின் பிரிண்டுகள் பல இதற்கு அடங்காதவை. மங்கலாக, மாலை நேரத்துச் சாம்பலில் மூழ்கியவை. இருட்டறையில் கைபிசகி அப்படி வரவில்லை. ஈரமான ஜன்னலுக்குப் பின்னால் இருக்கும் குளிர்கால ப்ராக் அந்தச் சாம்பலில்தான் இருக்கிறது. அதைப் பளிச்சென்று அச்சிட்டால் அது வேறு ஊர் ஆகிவிடும்.

ஒரு முறையைக் கண்டுகொண்டால் அதற்குள்ளேயே அடைபட்டுவிடுவோமோ என்ற பயம் பலருக்கு உண்டு. சூதெக்கின் பிற்கால வேலை அதற்குப் பதில். பழைய கோடாக் பனோரமா கேமரா ஒன்று அவரிடம் வந்தது. லென்ஸ் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் திரும்பிக்கொண்டே ஏறக்குறைய 10×30 செ.மீ. நீளத்தில் ஒரு நெகட்டிவை எழுதும். அதை எடுத்துக்கொண்டு ஆறு, பாலங்கள், தொழிற்சாலைப் புறநகர், செடி முளைத்த காலி மனைகள் என்று ப்ராக் முழுவதும் நடந்தார். 1959-ல் ‘பனோரமா ப்ராக்’ என்ற புத்தகம் 284 படங்களோடு வெளிவந்தது. ஜன்னலுக்குள் இருந்த மனிதர் ஒரு நகரத்தையே நீளவாக்கில் அளந்துவிட்டார். ஆனால் முறை அதேதான். நெகட்டிவின் அளவே படத்தின் அளவு, போன இடத்துக்கே திரும்பிப் போவது, வரும் ஒளிக்குத் தயாராக நிற்பது. கட்டடக் கலைஞர் ஓட்டோ ரோத்மையரின் தோட்டத்தில் எடுத்த படங்களும், கடைசிக் காலத்தில் தன் ஸ்டுடியோவில் மலைபோல் குவிந்த காகிதம், கயிறு, பொட்டலம், கண்ணாடித் துண்டுகளையே பொருளாக்கி எடுத்த ‘புதிர்வழிகள்’ வரிசையும் அப்படித்தான். எதையும் தூக்கி எறியாதவர் அவர். ஸ்டுடியோவில் நடக்க வழியிருக்காது. செவ்வாய்க்கிழமை மாலைகளில் நண்பர்கள் அந்தக் குவியலுக்கு நடுவே இடம்பிடித்து உட்கார்ந்து அவரோடு இசைத்தட்டுகள் கேட்பார்கள். வேறொருவர் பெருக்கித் தள்ளியிருக்கும் குப்பைக்குள் அவருக்குப் பல ஆண்டு வேலை இருந்தது.

ஆகவே பழக்கங்களைச் சட்டென்று திருத்திக்கொள்ளாதீர்கள். மேசையை ஒழுங்காக வைப்பது, அதிகாலையில் எழுவது, தினம் ஒரு படம் எடுப்பது போன்ற அறிவுரைகள் நல்லவைதான். ஆனால் முதலில் இப்போது இருக்கும் பழக்கம் எந்தப் படத்தைக் கொடுத்தது என்று பார்த்துவிட்டு, அதன் பிறகு திருத்துங்கள்.

அடுத்த வாரம் அமெரிக்காவுக்குப் போகிறோம். ஹாரி கல்லஹான் காலையில் நகரத்தில் நடந்து படம் எடுத்து, பிற்பகலில் பிரிண்ட் போட்டு, ஏறக்குறைய ஒரு லட்சம் நெகட்டிவ்களை விட்டுச் சென்றவர். ஆனால் ஆண்டுக்கு அரை டஜன் படங்களுக்கு மேல் தேறாது என்பது அவருடைய கணக்கு. மனைவி எலினோரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து எடுத்த அந்த மனிதர், எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று எப்படி முடிவுசெய்தார் என்பதைப் பார்ப்போம். அதற்குள் தரையில் பரப்பும் வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

(தொடரும்)